காப்பர் டி நகர்ந்துடுச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? நம்ம மலைப்பக்கம் பொண்ணுங்க கேக்கிற கேள்விகள்

நான் குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரில நர்ஸ். டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். லைன்ல இருக்கிற பொண்ணுங்க, கோத்தகிரி, கூடலூர் பக்கம் சொந்தக்காரங்க, அவங்களோட நாத்தனார், ஓரகத்தின்னு எல்லாரும் காப்பர் டி (குழந்தை உண்டாகாம இருக்க கர்ப்பப்பைக்குள்ள வெக்கிற சின்ன கருத்தடை சாமான்) பத்தி வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பறாங்க, அதுவும் ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் கிசுகிசுன்னு பேசி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா இங்க மொத்தமா எழுதிட்டேன்.

காப்பர் டி நிஜமாவே இடம் மாறுமா? வெச்சா வெச்ச இடத்துல தான இருக்கும்?

முக்கால்வாசி பேருக்கு வெச்ச இடத்துலயே தான் இருக்கும். சிலருக்கு மாறும். மாறறதுல மூணு வகை இருக்கு. ஒண்ணு, கர்ப்பப்பைக்குள்ளயே கொஞ்சம் கீழ இறங்கி வாய்கிட்ட வந்து நிக்கிறது. ரெண்டாவது, முழுசா வெளிய வந்து விழுந்துடறது, இது பீரியட்ஸ் நேரத்துல ரத்தக்கட்டியோட சேந்து போயிடும், பாத்ரூம்ல தண்ணி ஊத்திட்டு வந்துடுவோம், தெரியவே தெரியாது. மூணாவது, கர்ப்பப்பை சுவத்துல குத்தி உள்ள பதியறது இல்லன்னா ஓட்டை போட்டு வயித்துக்குள்ள போயிடறது. மொத ரெண்டும் சேத்து முதல் வருஷத்துல 100 பேர்ல 2 லேர்ந்து 10 பேர் வரைக்கும் நடக்கலாம்னு சொல்லுவாங்க, அதுலயும் முதல் 3 மாசம் தான் அதிகம். ஓட்டை விழறது ரொம்ப அபூர்வம், 1000 பேருக்கு ஒண்ணு ரெண்டு.

பிரசவம் ஆன கையோட வெச்சவங்க, ஏற்கனவே ஒரு தடவ விழுந்தவங்க, ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறவங்க, பீரியட்ஸ்ல ரொம்ப கொட்டறவங்க, 20 வயசுக்குள்ள இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் வெளிய வர்ற வாய்ப்பு கூட. குழந்தைக்கு பால் குடுக்கிற நேரத்துல வெச்சா ஓட்டை விழற வாய்ப்பு மத்தவங்கள விட கூட, ஆனா அதுவும் 1000ல சில பேர் தான், அதுக்காக யாரும் வெக்காம இருக்க வேண்டியதில்ல.

நூல் இருக்கான்னு பாக்கணும்னு சிஸ்டர் சொன்னாங்க. எப்படி பாக்கிறது? வெக்கமா இருக்கு.

உன் உடம்ப நீ தொடறதுக்கு என்னம்மா வெக்கம். கைய சோப்பு போட்டு நல்லா கழுவு, நகம் நீளமா இருந்தா வெட்டிடு. பாத்ரூம்ல குந்த வெச்சு உக்காரு, இல்லன்னா ஒரு கால தூக்கி ஸ்டூல் மேல, கவுத்து வெச்ச பக்கெட் மேல வெச்சு நின்னுக்கோ. நடுவிரல பொறப்பு உறுப்புக்குள்ள விடு, அவசரப்படாம, மேல பின்பக்கமா போகணும். முடிவுல ஒரு உருண்டையான இடம் தட்டும், மூக்கு நுனிய தொட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி இருக்கும், அது தான் கர்ப்பப்பை வாய். அதோட நடுவுல இருந்து காப்பர் டி அடில கட்டியிருக்கிற ரெண்டு மெல்லிசு பிளாஸ்டிக் நூல் வெளிய நீட்டிட்டு இருக்கும். விரலால தொடணும், அவ்ளோ தான், பிடிச்சு இழுக்கக்கூடாது.

முதல் சில மாசம் மாசத்துக்கு ஒரு தடவ, பீரியட்ஸ் முடிஞ்ச கையோட பாருங்க, விழறதா இருந்தா அப்போ தான் விழும். அப்புறமும் அந்த பழக்கத்த விடாம இருந்தா நல்லது. மொத தடவ எவ்ளோ நீளம்னு மனசுல வெச்சுக்கோங்க, அந்த நீளம் மாறுதான்னு தான் நாம பாக்கப்போறோம். கைக்கு எட்டலன்னா இருமிப்பாருங்க, கொஞ்சம் கீழ வரும். அப்பவும் முடியலன்னா விடுங்க, எல்லாருக்கும் எட்டாது. சப்சென்டர்ல நம்ம வில்லேஜ் நர்ஸ் புதன்கிழமை தடுப்பூசிக்கு எப்படியும் இருப்பாங்க, எங்க எப்போ செக் பண்ணலாம்னு அவங்ககிட்டயே கேளுங்க. வெச்ச ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல ஒரு செக்கப் கட்டாயம் போயாகணும், அத மட்டும் யாரும் தவிர்க்காதீங்க.

நூலே கைக்கு சிக்கல. விழுந்துடுச்சா?

இந்த ஒரு கேள்விக்கு தான் நான் அதிகமா பதில் சொல்லியிருப்பேன். நூல் காணோம்னா உடனே விழுந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நிறைய தடவ நூல் சுருண்டு கர்ப்பப்பை வாய்க்குள்ள போய் ஒளிஞ்சிருக்கும், காப்பர் டி பாட்டுக்கு அதோட இடத்துல ஜம்முன்னு இருக்கும். நூல ரொம்ப குட்டையா வெட்டியிருந்தாலும் கைக்கு வராது. ஆனா விழுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, சுவர் தாண்டி போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஏற்கனவே கர்ப்பம் ஆகி கர்ப்பப்பை பெருசாகி நூல் மேல ஏறியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. இதுல எதுன்னு வீட்ல உக்காந்து யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான். நூல் காணோம்னு தெரிஞ்ச நிமிஷத்துல இருந்து ஸ்கேன்ல பாத்து இருக்குன்னு சொல்ற வரைக்கும், உங்களுக்கு காப்பர் டி இல்லன்னே வெச்சுக்கோங்க. காண்டம் போடுங்க, இல்லன்னா சேராதீங்க. ஆஸ்பத்திரில மொதல்ல யூரின் டெஸ்ட் பண்ணுவாங்க, கர்ப்பம் இல்லன்னு உறுதி ஆனப்புறம் ஸ்கேன். ஸ்கேன்ல கர்ப்பப்பைக்குள்ள எதுவும் தெரியலன்னா வயித்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுப்பாங்க. காப்பர் டி பிளாஸ்டிக்ல பேரியம் கலந்திருக்கிறதால எக்ஸ்ரேல பளிச்சுனு தெரியும். எக்ஸ்ரேலயும் இல்லன்னா தான் அது வெளிய விழுந்துடுச்சுன்னு முடிவு. ஸ்கேன்ல இல்ல, விழுந்திருக்கும், வேற வெச்சுக்கலாம்னு சொல்லி எக்ஸ்ரே எடுக்காம விட்டாங்கன்னா நீங்களே கேளுங்க, 'மேடம் வயித்துக்குள்ள போயிருக்கான்னு பாக்க வேணாமா'ன்னு. கேக்கிறதுல தப்பே இல்ல.

எனக்கு பிரசவம் ஆன அன்னிக்கே வெச்சாங்க. நூலே இல்லயே அக்கா?

பிரசவம் ஆகி 48 மணி நேரத்துக்குள்ள வெச்சா அப்போ கர்ப்பப்பை பெருசா இருக்கும், நூல் உள்ளயே தான் இருக்கும். கர்ப்பப்பை சுருங்க சுருங்க நூல் இறங்கி வரும், அதுக்கு ஒன்றரை மாசம் மேலயும் ஆகலாம். சிலருக்கு வராமலே இருக்கும். ஆறாவது வாரம் செக்கப்ல சொல்லுங்க, ஸ்கேன் பாப்பாங்க. இன்னொண்ணு, பிரசவ நேரத்துல கையெழுத்து வாங்கினாங்க, என்ன வெச்சாங்கன்னே தெரியலன்னு சொல்ற பொண்ணுங்க இருக்காங்க. டிஸ்சார்ஜ் சீட்டுலயோ தனி கார்டுலயோ எழுதியிருக்கும், எந்த வகை, 380ஏவா 375ஆன்னு பாருங்க. 380ஏ 10 வருஷம், 375 5 வருஷம். அந்த கார்ட ரேஷன் கார்டோட சேத்து வெச்சுடுங்க.

நூல் இருக்கு, ஆனா முன்ன விட நீளமா தெரியுது.

இது நூல் காணோம்ங்கறத விட எனக்கு அதிகமா சந்தேகம் தர்ற விஷயம். காப்பர் டி கீழ இறங்கினா நூல் நீளமாகும். நூலோட சேத்து கெட்டியா, குச்சி முனை மாதிரி ஏதாவது விரல்ல தட்டுனா அது பாதி வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம். பாதி வந்தது வேலைக்கு ஆகாது, உள்ள தள்ளவும் கூடாது. அன்னிக்கே, முடியலன்னா மறுநாளே போயிடுங்க. நூல் திடீர்னு குட்டையானாலும் காட்டணும், ஏன்னா அது மேல ஏறியிருக்கலாம், திரும்பியிருக்கலாம்.

வலியும் ரத்தப்போக்கும் எல்லாருக்கும் இருக்கும்ங்கறாங்க. எது சாதாரணம், எது சாதாரணம் இல்ல?

வெச்ச புதுசுல, மூணுலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும், பீரியட்ஸ் அதிகமா வர்றது, ஒண்ணு ரெண்டு நாள் கூட போறது, அடிவயித்துல இழுத்துப்பிடிக்கிறது, நடுவுல பொட்டு பொட்டா படறது, இதெல்லாம் காப்பர் டிக்கு சகஜம். போகப்போக குறையும். குறையற மாதிரி இருந்து திடீர்னு மறுபடி கூடினா தான் யோசிக்கணும். ஆறு மாசமா ஒழுங்கா இருந்துச்சு, இந்த மாசம் பிரசவ வலி மாதிரி விட்டு விட்டு இழுக்குது, கட்டி கட்டியா போகுதுன்னா, கர்ப்பப்பை அத வெளிய தள்ளப் பாக்குதோன்னு சந்தேகப்படணும். பீரியட்ஸ் இல்லாத நாள்ல, சேந்தப்புறம் ரத்தம் படறது, சேரும்போது உள்ள குத்தற வலி, வெள்ளைப்படுதல் நாத்தத்தோட வர்றது, இதையும் காட்டணும். குளிர் காய்ச்சலோட அடிவயிறு வலின்னா அது இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், முக்கியமா வெச்ச முதல் 3 வாரத்துக்குள்ள வந்தா. நம்ம ஊர்ல குளிர் காய்ச்சல்னா பனில நனைஞ்சதுன்னு டோலோ போட்டுட்டு கம்பளிக்குள்ள படுத்துடுவோம். அந்த 3 வாரம் மட்டும் அப்படி படுக்காதீங்க.

ஒண்ணுமே தெரியாமலும் நகரும், அதையும் சொல்லணும். ஒரு வலி இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல, ஆனா உள்ள பாத்தா காப்பர் டி கிடையாது. அதனால தான் வலி வந்தா பாத்துக்கலாம்னு இருக்காம நூல பாருங்கன்னு தொண்டை வத்த சொல்றோம்.

நான் கொழுந்து மூட்டை தூக்கறேன். பஸ்ல ஹேர்பின் பெண்டுல குலுங்கி குலுங்கி போறேன். அதனால நகருமா?

நகராது. கேத்தி பக்கம் கேரட் மூட்டை தூக்கறவங்க, சரிவுல நாள் பூரா நின்னு கொழுந்து பறிக்கிறவங்க எல்லாரும் இத கேக்கிறாங்க. கர்ப்பப்பை சதை இறுக்கி பிடிச்சிருக்கிற சாமான் அது, கல்லட்டி ரோட்டுல 36 பெண்டும் இறங்கினாலும் கழண்டு விழாது. உள்ள இருந்து கர்ப்பப்பையே சுருங்கி தள்ளினா தான் வெளிய வரும். குளிருக்கு இறுகாது, வெயிலுக்கு உருகாது, மாமியார் சொல்ற மாதிரி உடம்ப சூடாக்கி இளைக்கவும் வெக்காது. பீரியட்ஸ்ல ரத்தம் அதிகமா போய் ரத்தசோகை வந்து சோர்ந்து போகலாம், அது வேற கதை, அதுக்கு இரும்பு மாத்திரை இருக்கு.

நெஞ்சுக்கு, மூளைக்கு ஏறிடும்னு பாட்டி சொல்றாங்க.

ஏறாது. சுவர் தாண்டி போனாலும் வயித்துக்குள்ள தான் இருக்கும், நெஞ்சுக்கு போக வழியே கிடையாது. பாட்டி சொல்றது 1965ல அரசாங்கம் லூப் (காப்பர் டிக்கு முன்னாடி இருந்த பழைய கருத்தடை சாமான்) கொண்டு வந்தப்போ கிளம்பின கதை, அப்போ வெச்சுட்டு திரும்பி வந்து பாக்க ஆள் இல்லாம கஷ்டப்பட்டவங்க இருந்தாங்க, அந்த பயம் இன்னும் வீட்டுக்கு வீடு பேச்சா ஓடுது. பாட்டிய கேலி பண்ணாதீங்க, ஆனா நம்பி எடுத்துடவும் எடுக்காதீங்க. வயித்துக்குள்ள போனத அப்படியே விடறதும் தப்பு, செம்பு பட்ட இடத்துல குடல் ஒட்டிக்கும். லேப்ராஸ்கோப்பி பண்ணி சின்ன துளை வழியா எடுத்துடுவாங்க. அபூர்வமா மூத்திரப்பைய குத்தியிருந்தா ஒண்ணுக்கு போகும்போது எரிச்சல், ரத்தம் வரும்.

காப்பர் டி இருக்கு, ஆனா நாள் தள்ளிப்போச்சு. என்ன பண்ண?

இதுக்கு மட்டும் நாள கடத்தாதீங்க. காப்பர் டி பீரியட்ஸ நிறுத்தாது. மாசாமாசம் வந்துட்டு இருந்தது வரலன்னா, பனிக்கு தள்ளிப்போச்சு, பால் குடுக்கிறதால தள்ளிப்போச்சுன்னு சமாதானம் சொல்லிக்காம மெடிக்கல்ல கர்ப்பம் பாக்கிற கிட் ஒண்ணு வாங்கி காலைல மொத யூரின்ல பாருங்க. ரெண்டு கோடு வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. ஏன் இவ்ளோ அவசரம்னா, காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் ஆகறதே அபூர்வம், ஆனா அப்படி ஆனா அது கர்ப்பப்பைல இல்லாம கருக்குழாய்ல தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். குழாய் வெடிச்சா உள்ளயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. ஒரு பக்கமா அடிவயித்துல குத்தற வலி, தோள்பட்டை நுனில காரணமே இல்லாம வலி, தலை சுத்தி மயக்கம், முகம் வெளுக்கிறது, இதுல ஏதாவது இருந்தா விடியட்டும், மொத பஸ் வரட்டும்னு உக்காராதீங்க, 108 கூப்பிடுங்க. நம்ம ரோடு தெரியும்ல, மழை காலத்துல எங்க மண் சரியும், எப்போ மரம் விழும்னு சொல்ல முடியாது. இருட்டறதுக்குள்ள கிளம்பறது எப்பவும் நல்லது, இருட்டிடுச்சுன்னாலும் கிளம்பிடுங்க.

கர்ப்பப்பைக்குள்ள தான் கரு இருக்கு, குழந்தை வேணும்னா, நூல் தெரியற பட்சத்துல டாக்டர் சீக்கிரமே காப்பர் டிய எடுத்துடுவாங்க, உள்ள விட்டா கலையறதுக்கும் இன்ஃபெக்‌ஷனுக்கும் குறைமாசத்துக்கும் வாய்ப்பு அதிகம். குழந்தை ஊனமா பொறக்கும், தலைல காப்பர் டி ஒட்டிட்டு வரும்ங்கறது எல்லாம் பொய். வேணாம்னு முடிவு பண்ணா அதுக்கும் சட்டம் இடம் குடுக்குது. கருத்தடை பலிக்காம ஆன கர்ப்பத்த 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட முடிவுலயே கலைச்சுக்கலாம். 1971 கருக்கலைப்பு சட்டத்துல கல்யாணம் ஆனவங்கன்னு இருந்தத 2021 திருத்தத்துல எடுத்துட்டாங்க. 18 வயசு முடிஞ்ச பொண்ணுக்கு அவ கையெழுத்து போதும், புருஷன் கையெழுத்து, மாமியார் சம்மதம் எதுவும் சட்டப்படி தேவையில்ல. கேட்டா, கேக்கிறவங்களுக்கு சட்டம் தெரியல.

ஸ்கேன் ரிப்போர்ட்ல ஏதேதோ போட்டிருக்கு, புரியல.

ஸ்கேன் சென்டர்ல கவர ஒட்டி குடுத்துடுவாங்க, நாம மஃபசல் பஸ்ல உக்காந்து பிரிச்சு பாத்து பயந்துட்டு வருவோம். 'ஐயூசிடி இன் சிட்டு' ன்னு இருந்தா (ஐயூசிடின்னா காப்பர் டி மாதிரி கர்ப்பப்பைக்குள்ள வெக்கிற சாமான்) சரியான இடத்துல இருக்குன்னு அர்த்தம், அந்த வார்த்தைய பாத்து அழுத பொண்ணு கூட இருக்கா, இன் சிட்டுன்னா ஏதோ வியாதின்னு நெனச்சுட்டா. 'லோ லையிங்'னா கொஞ்சம் கீழ இருக்கு. 'டிஸ்ப்ளேஸ்டு'ன்னாலும் 'மால்பொசிஷன்'னாலும் இடம் மாறியிருக்கு. 'எம்பெடட்'னா சுவத்துல பதிஞ்சிருக்கு. 'நாட் விஷுவலைஸ்டு'ன்னா ஸ்கேன்ல தெரியல, மேல சொன்ன எக்ஸ்ரே எடுக்கணும்.

லோ லையிங்னு பாத்ததும் எடுத்துடுங்கன்னு சண்டை போடாதீங்க. கர்ப்பப்பை வாய்க்குள்ளயே இறங்கியிருந்தா எடுத்து தான் ஆகணும். ஆனா வாய்க்கு மேல, கர்ப்பப்பைக்குள்ளயே இருந்து உங்களுக்கு வலியோ தொந்தரவோ இல்லன்னா விட்டு வெக்கலாம்னு டாக்டர் சொல்லலாம், அது அலட்சியம் இல்ல. எடுத்துட்டு வேற எதுவும் வெக்காம வீட்டுக்கு போறவங்களுக்கு தான் சீக்கிரம் கர்ப்பம் ஆகுது.

விழுந்தது தெரியாம நேத்து சேந்துட்டோம்.

72 மணி நேரத்துக்குள்ள எமர்ஜென்சி மாத்திரை, எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. மெடிக்கல்ல இல்லன்னு சொன்னா அலையாம பிஎச்சி, ஜிஎச்ல கேளுங்க. 5 நாளுக்குள்ளன்னா புது காப்பர் டி வெச்சாலே அந்த தடவைக்கும் சேத்து வேலை செய்யும், மாத்திரைய விட அது கெட்டி. எதுவானாலும் 3 வாரம் கழிச்சு ஒரு யூரின் டெஸ்ட் பண்ணிடுங்க.

எங்க போறது? இதுக்காக கோயம்புத்தூர் இறங்கணுமா?

நூல் பாக்க பிஎச்சி போதும். ஸ்கேனுக்கு குன்னூர் பக்கத்துக்காரங்க லாலி ஆஸ்பத்திரி, ஊட்டிக்காரங்க மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. கூடலூர், பந்தலூர்ல இருந்து சிலர் கேரளா பக்கம் சுல்தான் பத்தேரி போறாங்க, கிட்டன்னா தாராளமா போங்க, ஆனா பழைய சீட்டு, கார்டு எல்லாம் எடுத்துட்டு போங்க, அங்க உங்க ரெக்கார்டு இருக்காது. வயித்துக்குள்ள போனத எடுக்கிற ஆபரேஷன்னா தான் எங்க பண்றதுன்னு அவங்களே எழுதி அனுப்புவாங்க. எஸ்டேட்ல வேலைன்னா சீட்டு வாங்கி லீவு போடுங்க, 'வயித்து வலி'ன்னா போதும், கங்காணிகிட்ட முழு விவரமும் சொல்லணும்னு இல்ல.

புருஷனுக்கு குத்துதாம்.

நூல் தட்டலாம், சில வாரத்துல தானா மெதுவாகி சுருண்டுக்கும். ஊசி மாதிரி குத்துதுன்னா நூல் வெட்டினது சரியில்ல, இல்லன்னா காப்பர் டி கீழ இறங்கியிருக்கு. காட்டிடுங்க. அவர் சொல்றத வெச்சு நூல ஒட்ட வெட்ட சொல்லாதீங்க, அப்புறம் எடுக்கிறப்போ தேடணும்.

நான் வெச்சிருக்கிறது மிரினா. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

மிரினாங்கறது செம்புக்கு பதிலா ஹார்மோன் இருக்கிற சாமான். நூல், வலி, ஸ்கேன் எல்லாம் அதே தான். பீரியட்ஸ் விஷயம் மட்டும் தலைகீழ். மிரினால பீரியட்ஸ் குறையும், நின்னும் போகும், அது நல்லா வேலை செய்யறதோட விளைவு தான். நின்னு போயிருந்தது திடீர்னு பழைய மாதிரி கொட்ட ஆரம்பிச்சா விழுந்துடுச்சோன்னு பாக்கணும்.

மென்ஸ்ட்ருவல் கப் போடலாமா?

போடலாம்னு தான் சொல்றாங்க, ஆனா கப்ப வெறுமனே பிடிச்சு இழுத்தா உறிஞ்சற வேகத்துல நூலும் வரலாம். அடிய அமுக்கி காத்து உள்ள விட்டப்புறம் எடுங்க. எனக்கு கேட்டா முதல் சில மாசம் பேடே போதும்.

எடுக்கணும்னா நானே நூல இழுத்துக்கலாமா? யூடியூப்ல ஒருத்தங்க பண்ணாங்க.

வேணாம். பதிஞ்சிருந்தா நூல் அறுந்து வரும், சாமான் உள்ளயே நிக்கும். சிஸ்டர் ரெண்டு நிமிஷத்துல எடுப்பாங்க, கவர்மென்ட்ல காசும் கிடையாது.

ஒரு தடவ விழுந்துடுச்சு. மறுபடி வெக்கலாமா?

வெக்கலாம். கர்ப்பம் இல்ல, இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு உறுதி ஆனா அன்னிக்கே கூட வெப்பாங்க. ஒரு தடவ விழுந்தவங்களுக்கு மறுபடி விழற வாய்ப்பு கொஞ்சம் கூட, அதனால வெச்சப்புறம் ஒரு ஸ்கேன் பாத்துக்கோங்க, மொத மூணு பீரியட்ஸுக்கு பேட மாத்தறப்போ, கக்கூஸ்ல போறப்போ ஏதாவது வெள்ளையா குச்சி மாதிரி விழுந்திருக்கான்னு ஒரு பார்வை பாருங்க, ஒன்றேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம் தான் இருக்கும். விழுந்தா தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வாங்க, முழுசா வந்துடுச்சான்னு பாத்துட்டா எக்ஸ்ரேக்கு அலைய வேண்டியதில்ல. ரெண்டாவது தடவையும் விழுந்தா அந்தரான்னு கருத்தடை ஊசி இருக்கு, 3 மாசத்துக்கு ஒண்ணு, கவர்மென்ட்ல சும்மாவே போடறாங்க. குழந்தை போதும்னு முடிவு பண்ணிட்டா அவர வாசெக்டமிக்கு (ஆம்பளைங்க கருத்தடை ஆபரேஷன்) கூட்டிட்டு வாங்க, தையல் கூட இல்லாத ஆபரேஷன், அன்னிக்கே வீட்டுக்கு போயிடலாம், மூணு மாசம் வரைக்கும் மட்டும் காண்டம் போடணும். அவர் பயப்படறார்னா என்கிட்ட பேச சொல்லுங்க.